தகுதியுள்ள பரப்பு

மரத்தின் நிழலைக் கழித்துவிட வேண்டும்.
விதி அப்படி.
வானத்திலிருந்து எடுத்த படத்தில்
அந்த ஒற்றை ஓக் மரம் ஒரு கறுப்புப் பொட்டு.
அதன் கீழும் புல் முளைக்கிறது,
ஆனால் அந்தப் புல்லுக்குப் பணம் கிடையாது.

நான் அளப்பவள்.
கையில் கருவி, காலில் ரப்பர் பூட்ஸ்,
பையில் தொண்ணூறு பக்கக் கையேடும்
அவித்த முட்டை ஒன்றும்.
மாராமுரேஷ் மலைச்சரிவில்
துண்டு எண் நானூற்றுப் பதினேழைத் தேடிச்
சேற்றில் ஏறுகிறேன்.
ஒரே நிலத்துக்கு இரண்டு மானிய விண்ணப்பம்;
கணினி சிவந்துபோய் என்னை அனுப்பிவிட்டது.

முதலாவது: தோவாதெர் புர்னார்.
ஆடு நூற்று அறுபத்தொன்று.
நாய் நான்கு
(நாயைப் படிவம் கேட்கவில்லை,
ஓரத்தில் அவராகவே எழுதியது).

இரண்டாவது: பசுந்தொடுவானம் நிறுவனம்.
புக்கரெஸ்ட் நகரம்,
பல் மருத்துவமனைக்கு மேலே மூன்றாம் மாடி.
ஆடு என்ற கட்டத்தில் சுழி.

பட்டி வாசலில் காத்திருந்தார் தோவாதெர்.
சோளக்களி கிண்டியிருந்தார், மேலே பாலாடைக்கட்டி.
விண்ணப்பதாரர் கையால் எதுவும் உண்ணக் கூடாது,
பக்கம் பதினொன்று.
"முட்டை இருக்கிறது" என்றேன்.
ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஊர் மேய்ச்சல் நிலம்தான் இது.
ஏலம் போட்டார்கள், அவர்கள் எடுத்தார்கள். பத்து வருடம்.
அவர்களிடமிருந்து நான் எடுத்தேன், மே முதல் அக்டோபர் வரை."
"பத்திரம்?"
"வாய்ப்பேச்சு."
"குத்தகை?"
"ஈஸ்டருக்கு முன்னால் பன்னிரண்டு குட்டி.
ஒரு பையன் காரில் வருவான். நல்ல பையன்.
பின்சீட்டில் பிளாஸ்டிக் விரித்துத்தான் ஏற்றுவான்."

மண்டியிட்டுப் புல்லை அளந்தேன்.
நிலத்தைப் புதர் மண்டாமல் காக்க வேண்டும்,
வருடத்துக்கு ஒருமுறையேனும்
வெட்டியிருக்க வேண்டும், அல்லது மேய்ந்திருக்க வேண்டும்:
அது நிபந்தனை.
மேய்ந்திருக்கிறது. நான்கு சென்டிமீட்டர், ஒரே சீராக.
யார் மேய்த்தது என்பதற்குக் கட்டம் இல்லை.

வேலி பயிரை மேய்ந்தால் வேலியைப் பிடித்துக் கேட்கலாம்.
இங்கே வேலியே இல்லை.

ஒரு ஆட்டைப் பிடித்து உதட்டைத் தூக்கிக் காட்டினார்.
"மேலே முன்பல்லே கிடையாது, பாருங்கள்.
கீழே எட்டுதான். அதை வைத்துக்கொண்டு
இந்த மலை முழுக்கச் சவரம் செய்கிறது."
பல் மருத்துவமனை நினைவுக்கு வந்தது.
சொல்லவில்லை.

"எனக்கு எவ்வளவு வரும்?"
"பத்திரம் அவர்களிடம் இருக்கிறது."
"ஆடு என்னிடம் இருக்கிறது."
"பத்திரம் இல்லாமல் கோரியதற்கு
அபராதம் வரலாம், தோவாதெர்."
அவர் அதை இரண்டு முறை கேட்டார்.
இரண்டாம் முறை சிரித்தார்.
நகராட்சிப் பெண்தான் சொன்னாளாம்,
போட்டுப் பாருங்கள், போனால் ஒரு காகிதம் என்று.

சற்று நேரம் நாய்கள்கூடக் குரைக்கவில்லை.
பிறகு மரத்தைக் காட்டிக் கேட்டார்:
"அதை வெட்டிவிட்டால் பரப்பு கூடுமா?"
"கூடும்."
"யாருக்கு?"

குறிப்புப் பெட்டியில் நூற்றைம்பது எழுத்துதான் பிடிக்கும்.
"இந்நிலத்தைப் பராமரிப்பவரும் பணம் பெறுபவரும்
ஒருவர் அல்லர். ஆடுகளின் காதுவில்லை எண்களை
நிறுவனத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரி"
அதோடு கருவி நிறுத்திக்கொண்டது.
அழித்துச் சுருக்கி எழுதலாம் என்று நினைத்தேன்.
எதை அழிப்பது?
அப்படியே அனுப்பினேன்,
அந்தத் "தெரி"யோடு.

ஓக் மரத்தடி: எண்பத்து நான்கு சதுர மீட்டர்.
கழித்தேன்.
கழித்த இடத்திலேயே உட்கார்ந்து முட்டையை உரித்தேன்.
வெயிலுக்கு ஆடுகளும் அங்கேதான் வந்தன,
என்னைச் சுற்றி நின்று அசைபோட்டன,
கணக்கில் இல்லாத புல்லை.

கிளம்பும்போது மணி ஐந்து.
நிழல் கிழக்கே நீண்டு
நான் வரைந்த கோட்டைத் தாண்டிப்
பணமுள்ள புல்லின் மேல் கிடந்தது.
படம் நண்பகலில் எடுத்தது.